அலமாரியில் இருந்த வலது கால்

கால் ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வங்கிக்கு மேலே, முதல் மாடியில் நான்கு அறைகள், அவ்வளவுதான். கால் வலிக்காரர்களை மாடி ஏறி வரச் சொல்வது என்ன நியாயம் என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது கேட்டுவிடுவார்கள். முதல் அறையில் டாக்டர். அடுத்ததில் காத்திருப்பவர்கள். மூன்றாவதில் பயிற்சி. கடைசி அறையில், கழுவுதொட்டிக்கும் மாவு மூட்டைக்கும் நடுவில், அச்சக்கா.

அச்சக்கா என்பது அங்கே வைத்த பெயர். வருகிறவர்களின் பாதத்தில் ஈரமான மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்செடுப்பாள். அந்த அச்சுக்குள் மாவைக் கரைத்து ஊற்றி, அவர்கள் காலைப் போலவே இன்னொரு கால் வார்ப்பாள். அதை அளவாக வைத்துச் செருப்புக்குள் போடும் மெத்தைப் பட்டை செய்து கொடுப்பாள். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. ஆளின் முகம் மறந்துபோகும், காலைப் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும் அவளுக்கு.

டாக்டர் அறை அலமாரியில் ஏழு மாவுக் கால்கள் வரிசையாக இருந்தன. ஆறு கால்கள் கோளாறானவை. கட்டைவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து, அதன் அடியில் எலும்பு முண்டாகத் துருத்திய கால் ஒன்று. விரல் நடுவில் கூரைபோல மடங்கி நிற்கும் கால் ஒன்று. அதற்குச் சுத்தியல் விரல் என்று பெயர். ஒன்றின் மேல் ஒன்று ஏறிய விரல்கள், நகம் தரையைக் குத்தும் விரல்கள் என்று மற்றவை. ஏழாவது கால் மட்டும் ஐந்து விரலும் நேராக, அழகாக இருந்தது. அதன் கீழே 'சரியான பாதம்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அது அச்சக்காவின் வலது கால்.

ஆஸ்பத்திரி திறந்த வாரத்தில் எடுத்த அச்சு அது. அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. டாக்டர் அவள் காலைப் பார்த்துவிட்டு, "இந்தக் கால் நல்லா இருக்கேம்மா, நீட்டு" என்றார். அவரே உட்கார்ந்து அச்செடுத்தார். அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லோர் கையிலும் அதைக் கொடுத்து, "பாருங்க, இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்வது அவர் வழக்கமாகிவிட்டது. அந்த நேரம் அச்சக்கா அறையில் இருந்தால் எதுவும் காதில் விழாதவள்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். ஊருக்கே அழகி என்று பட்டம் கொடுத்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

அலமாரியில் இருந்த கால் அப்படியே இருந்தது. அவள் உடம்பில் இருந்த கால்தான் இருக்கவில்லை. இருபதுகளில் ஆசைப்பட்டு மாட்டிய முனை குறுகிய ஷூக்கள், சிமெண்டுத் தரையில் நாள் முழுக்க நிற்பது, இரண்டு பிரசவம், எல்லாம் சேர்ந்து கட்டைவிரல் மெல்ல மெல்ல உள்பக்கம் சாய்ந்தது. இரண்டாவது விரல் போக இடமில்லாமல் மேலே மடங்கியது. மடிப்பின் மேல் கால் ஆணி வந்தது. இதெல்லாம் எந்த வரிசையில் நடக்கும் என்று ஊருக்கே பாடம் எடுப்பவள் அவள். "ஆரம்பத்துலயே வந்திருக்கலாமே" என்று எத்தனை பேரைக் கடிந்திருப்பாள்! தன் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வேலையில் முன்பக்கம் மூடிய அகல ஷூ, வீட்டில் சாக்ஸ்.

"தூங்குறப்போகூட சாக்ஸ் போட்டுக்கிற ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்பான் புருஷன்.

"எனக்குக் குளிருது" என்பாள். நெற்றியில் வேர்வை வழியும்.

இப்படிப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பயிற்சி அறைக்கு டீச்சர் வந்து சேர்ந்தாள்.

டீச்சருக்கு முப்பத்தொரு வயது. விரல்களுக்கும் பாதத்துக்கும் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வேலை என்பதால் வருகிறவர்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. பாயில் வெறுங்காலோடு உட்கார்ந்து, தரையில் போட்ட துண்டைக் கால்விரலால் சுருட்டி இழுத்துக் காட்டுவாள். கோலிக்குண்டைக் கால்விரலால் பொறுக்கிக் கிண்ணத்தில் போடுவாள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் வலியை மறந்து சிரிப்பார்கள். இரண்டு அறைக்கும் நடுவில் தடுப்புப் பலகைதான், அதற்கு இந்தப் பக்கம் அந்தச் சிரிப்பு கேட்கும்போதெல்லாம் அச்சக்காவுக்கு மாவு கரைக்கிற கை நின்றுவிடும்.

இது பொறாமை இல்லை, சத்தம்தான் பிடிக்கவில்லை என்று முதல் வாரம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது வாரம் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் பலகை இடுக்கு வழியாகப் பாய் தெரியும், பாயின் மேல் டீச்சரின் கால்கள் தெரியும். சத்தம் பிடிக்காதவர்கள் இடுக்கு வழியாகப் பார்க்க மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். மூன்றாவது வாரம் ஒரு தையல்காரர் வந்தார். நான்கு வருடமாக அச்சக்காவிடம் மட்டுமே காலை நீட்டுகிற மனுஷர். உள்ளே வந்ததும் வராததுமாக, "டீச்சர் வந்தாச்சா?" என்று கேட்டார். அன்று அவருக்கு மாவுக்கட்டுத் துணி நனைக்க எடுத்த தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகவே குளிர்ந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை பெருக்க வந்த அம்மாவின் துடைப்பக் கட்டை அலமாரியில் இடித்தது. ஏழு காலில் விழுந்தது ஒரே ஒரு கால். விரல்கள் ஐந்தும் தனித்தனியாகச் சிதறிவிட்டன, பாதம் மட்டும் முழுசாக இருந்தது. அந்த அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சத்தம் கேட்டு வந்த டாக்டர், "பரவாயில்ல விடுங்க, பழசுதானே" என்றார். பிறகு அச்சக்காவைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாக, "புதுசா ஒண்ணு எடுத்துடும்மா. நம்ம டீச்சர் காலை எடுத்துக்கோ. அது நல்ல கால்" என்றார்.

பழசுதானே! அச்சக்காவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. 'என் காலையே மறுபடி எடுங்க' என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் ஷூவைக் கழற்ற வேண்டும். "சரிங்க டாக்டர்" என்றாள். உடைந்த பாதத்தைக் குப்பையில் போட மனம் வராமல் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை மதியம், கூட்டம் குறைந்தபின், டீச்சர் வந்து உட்கார்ந்தாள். தெருவில் போட்டுக்கொண்டு வருகிற ஷூவோடு வந்திருந்தாள், மூக்கு கூரான சிவப்பு ஷூ.

"என் காலைப் போய் அலமாரியில வைக்கணுமா? எனக்கே கூச்சமா இருக்குக்கா" என்று சிரித்தாள்.

'கூச்சமாம்' என்று மனதுக்குள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அச்சக்கா அவள் வலது காலைத் தன் மடியில் இழுத்து வைத்தாள். இவ்வளவு கிட்டத்தில் அந்தக் காலை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எண்ணெய் தடவப் போன கை நின்றது.

இரண்டாவது விரல் லேசாக மடங்கியிருந்தது. ரொம்ப லேசாக. மடிப்பின் மேல் பருப்பளவு சிவப்பு. கட்டைவிரல் இன்னும் சாயவில்லை, ஆனால் சாயலாமா என்று யோசிக்கிறது. பலகை இடுக்கு வழியாகத் தெரியாதது மடியில் தெரிந்தது.

வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது அவளுக்கு. மூன்று மாதமாக எரிந்த வயிறு.

"சாயந்திரமானா இந்த விரல் கடுக்குமா?" என்று கேட்டாள். குரலில் தேன் ஒழுகியது.

"கொஞ்சம் கடுக்கும்க்கா. புது ஷூ, அதான்" என்றாள் டீச்சர். நாளெல்லாம் அடுத்தவர் காலையே பார்ப்பவளுக்குத் தன் கால் கண்ணில் படவில்லை.

அந்த இடத்தில் அச்சக்கா சொல்லியிருக்க வேண்டியது என்னவென்று அவளுக்கு மனப்பாடம். விரல் இன்னும் இறுகவில்லை, இப்போது பார்த்துக்கொண்டால் அப்படியே நிறுத்திவிடலாம், இறுகிப்போனால் பயிற்சியும் விரலிடுக்கில் வைக்கிற ரப்பரும் வலியைக் குறைக்குமே தவிர விரலை நிமிர்த்தாது, அதற்குக் கத்திதான். தினம் பத்துப் பேரிடம் சொல்கிற வார்த்தைகள். அவள் சொன்னது வேறு.

"ஆமா, பழகிடும்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பழகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே காலைக் கெடுத்துக்கொண்டவர்களை அவள் திட்டாத நாள் இல்லை.

திட்டம் மனதில் தானாக உருவாகிவிட்டது. கால் இருக்கிற லட்சணத்திலேயே அச்செடுக்க வேண்டும். வார்த்து டாக்டர் மேஜையில் வைத்தால் போதும், அந்தக் கண்ணுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவர் தேர்ந்தெடுத்த நல்ல காலின் லட்சணத்தை அவரே பார்த்துக்கொள்ளட்டும். எண்ணெய் தடவினாள், துணியை நனைத்தாள், சுற்றினாள், நீவினாள். துணி சூடாகி இறுக ஆரம்பித்தது. டீச்சர் தன் வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீர் விடும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அச்சக்கா 'ம்' கொட்டினாள். அச்சைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை மாவு ஊற்றி, காயவைத்து, மத்தியானம் அச்சை உரித்தாள். உள்ளே இருந்து வந்த கால் அம்சமாக இருந்தது. ஐந்து விரலும் நேர். இரண்டாவது விரல் அம்புபோல நீட்டிக்கொண்டு அவளைப் பார்த்தது.

ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு தன் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்தாள். சே! வேறென்ன, பழக்க தோஷம். மடங்கிய விரல் உள்ள யாருக்கு அச்செடுத்தாலும், துணி இறுகும்வரை விரலுக்குப் பின்னால், பாதத்தின் மெத்தையில், கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்திப் பிடிப்பாள். இறுகாத விரலாக இருந்தால் அந்த அழுத்தத்திலேயே நிமிர்ந்துவிடும். இறுகிய விரல் அசையாது. பன்னிரண்டு வருடமாகச் செய்வதை, அவள் கெட்டது நினைத்துக்கொண்டிருந்தபோதும், கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது. எதிரியின் காலுக்குத் தானே அழகு செய்து கொடுத்திருக்கிறாள். அவள் கையையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

எரிச்சலோடு காலைத் திருப்பி, அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க எடுத்தாள். மெத்தைப் பகுதியில், இரண்டாவது விரலுக்கு நேர் பின்னால், ஒரு சின்னப் பள்ளம். அவள் கட்டைவிரல் பதிந்த இடம். இது எப்போதும் இருப்பதுதான், தேய்த்தால் சரியாகிவிடும்.

கை மறுபடி நின்றது. இந்தப் பள்ளத்தை அவள் வேறெங்கோ பார்த்திருக்கிறாள். வாராவாரம் தூசி தட்டும்போது பார்த்திருக்கிறாள். முதல் முதலாக எடுத்தது, மாவு அந்த இடத்தில் அமுங்கிவிட்டது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

மேஜைக்கு அடியில் இருந்த உடைந்த பாதத்தை எடுத்துத் திருப்பினாள். அதே இடம். அதே பள்ளம், கொஞ்சம் பெரியது. தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் இடம் மிஞ்சியது. இது அவளைவிடப் பெரிய கை.

அச்சக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ஷூவைக் கழற்றினாள், சாக்ஸைக் கழற்றினாள், தன் வலது பாதத்தின் மெத்தையில் கட்டைவிரலால் அழுத்தினாள். இரண்டாவது விரல் மடங்கியது மடங்கியபடியே நின்றது. இன்னும் பலமாக அழுத்தினாள். நகம் வெளுத்ததுதான் மிச்சம்.

சாக்ஸையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு, உடைந்த பாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், இந்தப் பள்ளத்துல உங்க விரலை வச்சுப் பாருங்க."

அவர் எதற்கென்று கேட்காமல் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஓ. அப்பவே உனக்கு அந்த விரல் லேசா மடங்கியிருந்திருக்கும். மாதிரிக்கு வைக்கிறது நேரா இருக்கட்டும்னு தூக்கிப் பிடிச்சிருப்பேன்."

"என்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே."

"சொல்லியிருப்பேனே?"

"இல்லைங்க டாக்டர்."

"சொல்லலையா?" அவர் உண்மையாகவே யோசித்தார். "வலின்னு நீயும் எதுவும் சொல்லியிருக்க மாட்டே. சின்ன விஷயம்னு விட்டிருப்பேன். ஏன், இப்ப கால் எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றாள் அச்சக்கா. அவர் ஷூவைக் கழற்று என்று சொல்வதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

நடைவழியில் நின்றாள். கோபம் எல்லாப் பக்கமும் சுற்றி வந்தது. டாக்டர் மேல், தன் மேல், 'இப்படித்தான் இருக்கணும்' என்று இத்தனை வருடம் ஊரார் கையில் கொடுத்த அந்தப் பொய்க்கால் மேல். பயிற்சி அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. போகட்டுமே என்று நினைத்தாள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? இன்னும் பத்து வருடம் அந்தச் சிவப்பு ஷூவை மாட்டிக்கொண்டு நடக்கட்டும். அப்போது பார்க்கலாம் யார் கால் அலமாரிக்கு லாயக்கு என்று. இந்த நினைப்பில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடத்தான் வேண்டும்.

பயிற்சி முடிந்து ஆட்கள் கிளம்பும்வரை நின்றாள். பிறகு கதவைத் தட்டினாள்.

"டீச்சர், அந்தச் சிவப்பு ஷூவை எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வாங்க."

தரையில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்தாள். டீச்சரை அதன்மேல் நிற்கவைத்து, வலது காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். காலை எடுக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கோட்டின் மேல் ஷூவைத் தூக்கி வைத்தாள். ஷூவின் முன்பக்கத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் பென்சில் கோடு நீட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் காட்டுகிற வித்தைதான் இது. டீச்சரும் எத்தனையோ பேருக்குக் காட்டியிருப்பாள்.

டீச்சரின் முகம் மாறியது. "அக்கா..."

"உக்காருங்க." காலை எடுத்துப் பாதத்தின் மெத்தையில் கட்டைவிரலால் அழுத்தினாள். இரண்டாவது விரல் சட்டென்று நிமிர்ந்தது. விட்டாள், மடங்கியது. அழுத்தினாள், நிமிர்ந்தது. "பாத்தீங்களா? இப்போதைக்குச் சொன்ன பேச்சு கேக்குது. இனிமே முன்னாடி அகலமா இருக்கற ஷூதான். ஊருக்குச் சொல்ற துண்டுப் பயிற்சியை உங்க காலுக்கும் எண்ணிச் செய்யுங்க. டாக்டர்கிட்ட இன்னிக்கே காட்டுங்க."

"ஆனா நேத்து நீங்கதானே பழகிடும்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

"ஏங்க்கா?"

"வயித்தெரிச்சல்" என்றாள் அச்சக்கா. சொன்னபிறகு அது அவ்வளவு கஷ்டமான வார்த்தையாகத் தெரியவில்லை. "டாக்டர் என் காலைப் பழசுன்னுட்டார். உங்க காலைப் பாத்தா பத்திக்கிட்டு வருது. இப்பவும்தான்."

டீச்சர் ஷூவைக் காகிதத்தின் மேலிருந்து எடுத்தாள். கோபித்துக்கொண்டு எழுந்து போனால் போகட்டும் என்றுதான் அச்சக்கா நினைத்தாள். குனிந்து தன் வலது ஷூவைக் கழற்றினாள். சாக்ஸைக் கழற்ற அவளுக்கு அதிக நேரம் பிடித்தது. கட்டைவிரல் அடியில் முண்டு, பக்கத்தில் மேலே மடங்கிய விரல், மடிப்பில் மஞ்சள் பாரித்த ஆணி, எல்லாவற்றையும் டீச்சர் முன்னால் நீட்டி வைத்தாள். டாக்டர் அச்செடுத்த நாளுக்குப் பிறகு, பன்னிரண்டு வருடத்தில், அந்தக் கட்டடத்தில் இன்னொருவர் முன்னால் அவள் கால் வெளிச்சத்துக்கு வந்தது அன்றுதான்.

டீச்சர் அதைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கட்டைவிரலால் மெத்தையில் அழுத்தினாள். விரல் அசையவில்லை. பிடியை மாற்றி மறுபடி அழுத்தினாள். மூன்றாவது முறை இரண்டு கையாலும் அழுத்தினாள். அவள் முகத்தைப் பார்த்தால் எப்படியாவது நிமிர்த்திவிட வேண்டும் என்று இருப்பதுபோலத் தெரிந்தது.

"இதெல்லாம் ஆரம்பத்துலயே வந்திருக்கலாமேக்கா" என்றாள், வருகிறவர்களிடம் சொல்கிற அதே குரலில், தன்னை அறியாமல்.

அச்சக்கா பக்கத்தில் இருந்த அந்த இன்னொரு காலைப் பார்த்தாள், சொன்ன பேச்சு கேட்கிற விரல் உள்ள காலை.

"வந்துட்டுத்தானே இருந்தேன், டீச்சர். பன்னெண்டு வருஷமா, தினமும் காலையில எட்டரைக்கு."